குளித்தலைக்கு முன்னால் இடப்பக்க ஜன்னல்

இந்த மலாயா நாட்டில் ரயில் ஏறியதும் ஜனங்கள் முதலில் செய்கிற காரியம் ஜன்னல் பலகையை இறக்கிவிடுவதுதான். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முழுதும் இருட்டாகிவிடும். போன தை மாதம் பினாங்குக்கு எதிர்க்கரையில் பிறை என்கிற ஸ்டேஷனிலிருந்து வரும்போது எனக்கு எதிரே ஒரு சீனத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பலகையைக் கொஞ்சம் தூக்கினால் வெளியே பார்க்கலாம் என்று கையால் ஜாடை காட்டினேன். என் கை கூடைக்கு மேலாக நீண்டிருந்தது. அவள் என் கையையும் கூடையையும் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். வாங்கிக்கொண்டேன். பலகை இடுக்கில் மின்னி மின்னி ஓடிய பச்சையைப் பார்த்துக்கொண்டே பழத்தைத் தின்று முடித்தேன். அன்றைக்கு என்னோடு யாரும் பேசியது அவ்வளவுதான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் கூலி லயத்து வீடுகளுக்குப் பக்கத்துத் தையற்காரர் எழுதுகிறார். நான் வளவளவென்று போனால் ஊசியைக் காட்டி நிறுத்துவார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ரயிலில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். பிறையில் ஏறினால் ஒரு இரண்டு மணி நேரத்துக்கு வயலும் தென்னையுமாகத் தஞ்சாவூர்ச் சீமை மாதிரியே இருக்கும், ஏமாந்து போகாதீர்கள். அப்புறம் புக்கிட் மேரா என்ற இடத்தில் வண்டி ஏரிக்குள்ளேயே போகும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கம்பிப் பாதை மட்டும். செத்த மரங்கள் நீருக்குள் நின்றுகொண்டிருக்கும். முதல்முறை அந்த இடத்தில் நான் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு தைப்பிங் ஊர், எந்நேரமும் மழை. அதைத் தாண்டினால் மலையைக் குடைந்து வைத்திருக்கிற பொந்துகள். ஒவ்வொன்றிலும் வண்டி நுழையும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், கரி வரும். இதையெல்லாம் பாருங்கள். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே பார்க்கவேண்டிய ஒன்று நம் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் தவறவிட்டவன்.

கொல்லிமலையில் எங்கள் ஊர் தெற்கு விளிம்புக்குக் கிட்டே. இரண்டு வருஷம் சாமை பொய்த்தது. கேழ்வரகு தலை பிடிக்கும்போதே கருகியது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டு இறங்கிய இடத்தில் ஆள் சேர்க்கிறவன் ஒருவனைப் பார்த்தேன். மூன்று வருஷத்து ஒப்பந்தம், கப்பல் செலவு அவர்களுடையது என்றான். பெருவிரலை வைத்துவிட்டு மலை ஏறினேன். என் பெண்சாதி நல்லாயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏறி வந்துதான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் புறப்பட இருந்த வாரம் அவள் அண்ணன் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னார். "மாப்ள, அவ சொல்லச் சொன்னதச் சொல்றேன், கேட்டுக்கங்க. சந்தைக்கு மூணாம் நாளு தான ரயிலு? அன்னிக்கி உச்சிப்பொழுதுல தெக்கு மொனையில அவ பொகை போடுவாளாம். பொகை தெரிஞ்சா மூணு வருசம் உங்களுக்காக இருக்கறாள்னு அர்த்தம். தெரியலீன்னா அவளத் தேடி வரவேண்டாம். எங்கப்பன் சொல்ற எடத்துக்குப் போயிருவா."

எங்கள் இருவருக்குமே எழுத்து கிடையாது. கடிதம் போட்டால் படிக்க ஊரில் ஆள் கிடையாது. காட்டை எரித்துப் புனம் போடுகிற காலத்தில், நாடு என்று நாங்கள் சொல்கிற மலைப் பகுதிகளில் இந்த நாட்டுக்காரன் தீ வைத்தால் அந்த நாட்டுக்காரனுக்குப் புகையைப் பார்த்தே சங்கதி தெரிந்துவிடும், அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த முனையில் நாங்கள் இருவரும் மாடு மேய்த்திருக்கிறோம். கீழே காவிரி வெள்ளை நூல் மாதிரி கிடக்கும். அதற்கு அந்தண்டை ரயில் பீடி புகைத்துக்கொண்டு போவது தெளிந்த நாளில் தெரியும். அதன் புகை நமக்குத் தெரிகிறதென்றால் நம் புகை அதற்குத் தெரியாமலா போகும் என்று நினைத்திருக்கிறாள். அவள் நினைத்ததில் ஒரு பிசகும் இல்லை.

ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கரூரில் நாகப்பட்டினம் ரயில் ஏறினோம். ஜன்னலோரம் வேண்டுமென்று இரண்டு பேரோடு மல்லுக்கட்டி இடப்பக்கம் உட்கார்ந்தேன். ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. பெண்சாதி இப்படிக் கெடு வைத்திருக்கிறாள் என்று வெளியே சொல்கிற சங்கதியா? எதிரே முத்துசாமி என்று பேளுக்குறிச்சிக்காரர். சொந்தத்தில் கொஞ்சம் நிலம் இருந்தும் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். மாட்டுச் சந்தைக்கென்று கரூர், திருச்சி எல்லாம் பழகியவர். குளித்தலைக்குக் கொஞ்சம் முன்னால் ஆறு ஜன்னலுக்கு வந்தது. ஆற்றுக்கு அப்பால் பச்சையாக ஒரு மலை, உச்சி வைத்து நின்றது. அதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். கண் இமைக்காமல் பார்த்தேன். துளிப் புகை இல்லை.

"ஏனுங்க, தலமலைய அப்பிடி மொறச்சுப் பாக்கறீங்க? வேண்டுதலா?" என்றார் முத்துசாமி.

"தலமலையா? எங்க மலையில்லீங்களா அது?"

"அட, கொல்லிமலை அதுக்குப் பின்னாலீங்க. ரொம்பத் தள்ளி. நீல நெறமா, நீட்டமாப் படுத்திருக்குது பாருங்க."

பார்த்தேன். வானத்தோடு வானமாக ஒரு நீலப் பட்டை. மேல் விளிம்பு தட்டையாக, வரப்பு வெட்டியது போல இருந்தது. உச்சியே இல்லை.

"அது மேகமுங்க."

"மலையில பொறந்துட்டு மலை தெரியாத ஆள இன்னிக்கித்தான் பாக்கறேன்!"

"மலைமேல இருக்கறவனுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாக்கற வேலை எதுக்குங்க? அது உங்களாட்டக் கீழ்நாட்டுக்காரங்க பொழப்பு."

பெட்டியில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். முத்துசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினார். "மேகமாமா, மேகம்! அந்தக் கோடியில பாருங்க, எவனோ காட்டுக்குத் தீ வெச்சிருக்கான். நூலாட்டம் பொகை ஏறுது, தெரியுதுங்களா?"

"மேகத்துல எவனுங்க தீ வெப்பான்?" என்றேன்.

பெட்டியே சிரித்தது. ஒரு கிழவி வெற்றிலைச் சாறு ஒழுகச் சிரித்தாள். ஊரைவிட்டுப் போகிற ஜனங்கள், அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மரங்கள் வந்து மறைத்துவிட்டன.

இதில் என் முட்டாள்தனம் எவ்வளவு, எங்கள் வழக்கம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மேலே இருக்கும்போது நாங்கள் எங்கள் இடத்தை மலை என்று சொல்லுவதேயில்லை. திருப்புலி நாடு, இன்ன நாடு என்று நாடாகத்தான் சொல்லுவோம். அங்கே வயல் இருக்கிறது, ஓடை இருக்கிறது, ஏறி இறங்க வேறு குன்றுகள் இருக்கின்றன. பேளுக்குறிச்சிக்கு இறங்கினாலும் அடிவாரத்தில் ஒரு சரிவுதான் தெரியும். நாட்டை முழுசாக ஒரு பட்டையாக வெளியே நின்று நான் பார்த்ததில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் ஒரு வாரம் அடைத்துவைத்தார்கள். முத்துசாமி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார், முதல் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வெள்ளைப் பாறைமலையடியில், ரயில் பாதையில் கல் தட்டுகிற வேலை. புகை இல்லை, அவளும் இல்லை என்று மனசை முடிந்துகொண்டேன். மூன்று வருஷம் முடிந்ததும் மறுபடி பெருவிரல் வைத்தேன். அது முடிந்ததும் மறுபடி. பக்கத்து அறைக்காரர்கள் ஊருக்குப் போவதும் பெண்டாட்டியைக் கூட்டி வருவதுமாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் போய் உட்காருவேன்.

ஒன்பது வருஷம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். கப்பலில் ஒருவர், குளித்தலையில் இறங்கி ஆற்றைக் கடந்தால் நடை குறைவு என்றார். அப்படியே செய்தேன். பரிசலில் முசிறிக் கரை ஏறி நிமிர்ந்தால், வடக்கே அந்த நீலப் பட்டை. அதே மேகம். ஒன்பது வருஷமாக ஒரு மேகம் ஓரிடத்தில் நிற்குமா? கரையிலேயே மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பரிசல்காரர் மயக்கமா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பகல் நடந்தேன். நடக்க நடக்க நீலம் சாம்பலாகி, சாம்பல் பச்சையாகி, பச்சைக்குள் பாறையும் தடமும் தெரிந்தன. முத்துசாமி கை நீட்டிய கோடிதான் எங்கள் தெற்கு முனை.

நல்லாயியை மலைமேல் செம்மேட்டுச் சந்தையில் பார்த்தேன். சாக்கில் மிளகைக் கொட்டி உட்கார்ந்திருந்தாள். வேறு நாட்டில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகள் என்று அதற்குள் கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மலாயாக்காரருங்களா? எத்தன நாளு லீவு?"

"நல்லாயி, அன்னிக்கி பொகை போட்டியா?"

கையிலிருந்த படியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போட்டேன். கூரை வேயறதுக்கு அறுத்துவெச்ச புல்லு அத்தனையும் போட்டேன். பொகை பத்தோணும்னு பச்சத் தழைய அள்ளி அள்ளிப் போட்டேன். அந்த மழைக்கு ஊடெல்லாம் ஒழுகி எங்கப்பங்கிட்ட அடி வாங்கினேன். ரயிலு போயி மறையற மட்டும் போட்டுட்டேதான் இருந்தேன். நீங்கதான் பாக்கலே."

"பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"ஒருத்தர் காட்டினாருங்... காட்டினாரு. நாந்தான் மேகம்னு சொல்லிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். வைவாள் என்று நினைத்தேன். அவள் மிளகை இரண்டு கையாலும் கூட்டிக் குவித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "மூணு வருசம்னு சொல்லிவுட்டேன். நாலு இருந்தேன். அந்த ஒண்ணு எச்சா குடுத்தது." யாரோ மிளகு விலை கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "ஏவாரத்த மறைச்சுட்டு நிக்காதீங்க" என்றாள்.

"செரி, வாரேன்" என்றேன். எல்லோரும் சொல்கிற வழக்கத்தில் வந்துவிட்டது.

"வாரேன்னு சொல்லாதீங்க. போறேன்னே சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை.

லீவு இன்னும் இருந்தது. இருந்தும் அந்த மாசமே கப்பல் ஏறிவிட்டேன். பிறையில் ரயில் ஏறியபோது எதிரே ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், புதிதாக வருகிறவர். ஏரியைப் பார்த்து வாயைப் பிளந்தார், பொந்தில் கரியைத் தின்றார். அதற்கும் அப்பால் ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது, தூரத்தில் கட்டை விரல் அளவுக்கு ஒரு வெள்ளைப் பாறைமலை தெரிந்தது. முதல்முறை வந்தபோது அந்த இடத்தில் இருட்டிவிட்டது. அப்புறம் அதன் காலடியிலேயே வேலை. அதையும் நான் ஒருநாளும் தூரத்திலிருந்து பார்த்ததில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டேன்.

"என்னங்க?" என்றார் அவர்.

"எங்கூடு வந்துருச்சுங்க."

"எங்கீங்க? வெறும் பாறைதான தெரியுது?"

"அந்த வெள்ளையில கோணலா ஒரு வெடிப்பு போகுது பாருங்க. வெடிப்பு முடியற எடத்துல ஒத்த மரம். அதுக்கு நேர் கீழ தகரக் கூரை."

அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். வெடிப்பும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை, வெயில்தான் தெரிகிறது என்றார். நான் விடவில்லை. அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, அங்கே, இன்னும் கொஞ்சம் வலது கைப் பக்கம், இப்போது பாருங்கள் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருமுறைகூட அந்த விரல் தடுமாறவில்லை. வண்டி நின்று, இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கி, அவர் என் மூட்டையைக் கையில் எடுத்துக் கொடுத்த பிறகும் அது நீட்டினபடியே இருந்தது.