ஜெயக்கொடி டீச்சர் போட்ட சத்தியக் கட்டு

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகும் காலைப் பாசஞ்சரில், கடைசியிலிருந்து இரண்டாவது பெட்டியில், எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. மற்ற பெட்டிகளில் சீசன் டிக்கெட்காரர்கள் சீட்டு ஆடினார்கள். இங்கே கதை ஆடினார்கள். ஆளுக்கு ஒரு வேஷம். வேஷம் என்றால் பவுடர் பூசிக்கொள்வதெல்லாம் இல்லை, வாயால்தான். ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த சொக்கநாதன், மகுடம் இழந்த ராஜா. மில்லில் பிட்டர் வேலை பார்த்த விருமாண்டி, வேட்டைக்காரன். டெலிபோன் ஆபரேட்டர் ஸ்யாமளா, மலைமேல் குடியிருக்கும் யட்சி. அவரவர் வேஷத்துக்கு அவரவர்தான் பேசவேண்டும். நேற்று மதுரையில் இறங்கும்போது கதை எங்கே நின்றதோ, இன்று அங்கிருந்து தொடரும்.

ஆரம்பத்தில் இது சந்தைக்கடையாகத்தான் இருந்தது. ஒருவர் கையைத் தூக்கி ஏதோ மந்திரம் முணுமுணுப்பார், எதிராளி செத்துப்போக வேண்டும். விருமாண்டி ஒரே வாரத்தில் பல தடவை செத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். அப்போதுதான் எதிர் சீட்டில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டு வந்த ஜெயக்கொடி வாயைத் திறந்தாள். பழங்காநத்தத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் அவள். இருபத்தாறு வயது, அப்பா இல்லை, அம்மா சீனியம்மாள் மட்டும்தான்.

"மந்திரம்னா கையைத் தூக்குன உடனே வந்துருமா? எங்க ஊர்ல ஒரு ஆடு காணாமப் போச்சுன்னா, எடுத்தவனைச் சாமி கேக்கட்டும்னு காசு வெட்டிப் போடப் போனாக்கூட ஈரச் சேலையோட நிக்கணும், பட்டினி கெடக்கணும். ஒண்ணைக் குடுக்காம, ஒண்ணை விடாம, சாமி எதுக்கு எறங்கி வருது?" என்றாள்.

அதுவே சட்டமாகிவிட்டது. இனி யார் மந்திரம் போட்டாலும் அதற்கு ஒரு பூசை உண்டு, ஒரு விலக்கு உண்டு. அது என்னவென்று ஜெயக்கொடிதான் சொல்லவேண்டும். விருமாண்டியைச் சமாதானம் சொல்லிக் கூட்டிவந்தார்கள். அவருடைய வேட்டைக்காரன் புலியாக மாற ஆசைப்பட்டபோது, ஜெயக்கொடி அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டினாள். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக்கூடாது என்பது ஊரறிந்த முறை. காப்பு அவிழ்க்கும்வரை வேட்டைக்காரன் காட்டைவிட்டு வெளியே வர முடியாமல், ராஜாவின் அரண்மனை விருந்தை மரத்து மேலிருந்து பார்த்து ஏங்கினான். யட்சி மழை பெய்ய வைக்கக் குரலைக் காணிக்கையாகக் கொடுத்தாள். நாளெல்லாம் டெலிபோனில் பேசிப் பிழைக்கும் ஸ்யாமளா, ரயிலில் இரண்டு நாள் வாயே திறக்காமல் கையை ஆட்டியே கதை சொன்னாள். வேர்க்கடலை விற்பவன்கூட இறங்க மறந்து நின்று பார்த்தான்.

ராஜாவுக்குக் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கும் கண் வேண்டியிருந்தது. "மண்ணு பேசணும்னா கால் மண்ணுல படணும். இன்னைக்குச் செருப்பு விலக்கு சார்" என்றாள் ஜெயக்கொடி. சொக்கநாதன் கம்பீரமாகச் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் விட்டார். மதுரை வந்தபோது செருப்பைக் காணவில்லை, எவனோ ஒரு புண்ணியவான் மாட்டிக்கொண்டு போய்விட்டான். சித்திரை வெயிலில் ஹெட் கிளார்க் தார் ரோட்டில் குதித்துக் குதித்து ஆபீஸ் போனார். பெட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. ஜெயக்கொடியும்தான் சிரித்தாள்.

சிரித்தவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள். சொக்கநாதன் மறக்கவில்லை. சில மனிதர்களுக்குக் கால் கொப்புளம் ஆறினாலும் மனசுக் கொப்புளம் ஆறுவதில்லை, அதுவும் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டால்.

அந்த ஆவணியில் வண்டியூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பம்புசெட் மெக்கானிக், பெயர் நல்லகாமன். பெண் பார்க்க வந்தபோது, தையலுக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த சட்டையைக் காட்டி, "இந்தக் காலர் நீங்க தைச்சதா?" என்று மட்டும் கேட்டான். ஜெயக்கொடிக்குப் பிடித்துப்போயிற்று, இதில் மறைக்க என்ன இருக்கிறது. பூ வைக்க நாள்கூடப் பேசினார்கள். அதற்கு முன் பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கமில்லையா, பையனின் சித்தப்பா சொக்கநாதனின் ஆபீசுக்குப் போனார். தினமும் கூட ரயிலில் வருகிற பெரிய மனுஷர், பொய் சொல்லமாட்டார் என்று நம்பிக் கேட்டார்.

சொக்கநாதன் சொன்னதைத் தரகுக்காரி ஒச்சம்மாள் வந்து சீனியம்மாளிடம் அப்படியே ஒப்பித்தாள். "பொண்ணு தங்கம்தான், ஆனா வசியம், கட்டு எல்லாம் தெரியும், ரயில்ல எங்களுக்கே போட்டுக் காட்டும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாராம் ஆத்தா. அந்த வீட்டுப் பொம்பளைக பயந்துட்டாக."

இடம் போனது போனதுதான். அதோடு விட்டதா என்றால் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஜெயக்கொடியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தைக்காவிட்டாலும் பரவாயில்லை, அளவு ரவிக்கையைக் கொடு என்று வாங்கிக்கொண்டு போனார்கள். உடுத்திய துணி சூனியக்காரி கையில் இருக்கலாமா? தெருவில் கைக்குழந்தையோடு வந்தவள் இவளைக் கண்டதும் முந்தானையால் பிள்ளையை மூடினாள். அன்றைக்குத்தான் ஜெயக்கொடி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவி, மறுநாள் அதே பெட்டியில் அதே சீட்டில் போய் உட்கார்ந்தாள். சொக்கநாதனை நேரே கேட்டால், நான் எப்போது சொன்னேன் என்பார். பெட்டியில் உள்ளவர்களும் பெரிய மனுஷர் பக்கம்தான் சாய்வார்கள். கட்டுத் தெரிந்தவள் என்றுதானே சொன்னாய், இரு, கட்டிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே கமுக்கமாக ஊசியில் நூல் கோத்தாள்.

கதையில் அப்போது ராஜா மகுடத்துக்காகத் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். அதற்கு என்ன பூசை என்று சொக்கநாதன் தினமும் கேட்டார்.

"இருக்கு சார். சத்தியக் கட்டு. ராஜா உப்புல கை வச்சு உக்காரணும். பூசை போட்டவ ஒரே ஒரு கேள்வி கேப்பா. உண்மையைச் சொன்னா மகுடம் வந்துரும்."

"பொய் சொன்னா?" என்றார் விருமாண்டி.

"சாமி முன்னால சத்தியம் விட்டுப் பிரிஞ்ச ரெண்டு வீட்டுக்கும் என்ன முறையோ அதுதான்ணே. அன்னந்தண்ணி பொழங்கக் கூடாது. கேட்டவ மனசார வந்து அவரு வீட்டுல ஒரு வாய் சாப்பிடுற வரைக்கும் கட்டு அவுராது. அவுராத வரைக்கும் அந்த வீட்டுல நல்லது நடக்காது."

"இம்புட்டுத்தானா? ராஜா எங்கயாவது பொய் சொல்லுவாரா?" என்று சிரித்தார் சொக்கநாதன்.

கார்த்திகை நட்சத்திரத்தன்று வைத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் நாள் குறித்தாள். அன்று பெட்டி நிறையத் திருப்பரங்குன்றம் போகிற கூட்டம், திருநீறும் பூவுமாக. ஜெயக்கொடி ஒரு மஞ்சள் துணியில் கல் உப்பைக் கொட்டி ராஜாவின் மடியில் வைத்தாள். அவர் வலது கையை அதில் அமுக்கினார். ஜன்னலில் மலை வந்தது. அந்த வழியில் போகிறவர்கள் யாராக இருந்தாலும், மலையைக் கண்டதும் கை தானாகக் கூடும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெட்டி முழுக்க "முருகா" என்றது. சொக்கநாதனின் இடது கையும் பழக்கத்தில் நெஞ்சுக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்: "வண்டியூர்க்காரங்க வந்து என்னையப் பத்தி விசாரிச்சப்ப, நீங்க என்ன சார் சொன்னீங்க?"

சொக்கநாதன் முகம் மாறியது. "டீச்சர், இது கதைக்குள்ள வராதே" என்றார்.

"கேட்டாச்சுல்ல, ராஜா பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார் ஒன்றும் தெரியாத விருமாண்டி. கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளோடு முன்பின் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல பொண்ணுன்னு சொன்னேன். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சொல்லலை."

கை உப்பில் இருந்தது. மலை ஜன்னலில் இருந்தது. ஜெயக்கொடி அந்த உப்பை அப்படியே மூட்டையாகக் கட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி சார்" என்றாள். விருமாண்டி கைதட்டி ராஜாவுக்கு மகுடம் சூட்டினார். மகுடம் வாங்கிய ராஜாவுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

விளையாட்டுச் சத்தியம்தானே என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டாகச் சொன்னாலும் சொன்ன இடம் விளையாட்டு இடம் இல்லையே. குன்றத்தைப் பார்த்துப் பொய்ச் சத்தியம் பண்ணியவனுக்கு எந்த ஹெட் கிளார்க் உத்தியோகம் துணைக்கு வரும்? மறுவாரமே அவர் வேறு பெட்டிக்கு மாறினார். மனைவி அகிலாண்டம் கொல்லையில் வழுக்கி விழுந்தாள். மகளுக்குப் பேசி முடித்த இடத்தில், ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று இழுத்தார்கள். யார் வீட்டில்தான் வழுக்கி விழவில்லை, எந்தச் சம்பந்திதான் இழுக்கவில்லை? அவருக்கு எல்லாமே அந்த உப்பாகத் தெரிந்தது.

ஒருநாள் ஜெயக்கொடி வீட்டுக்கே வந்தார். சீனியம்மாள் முறைக்குக்கூடத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடும்மா" என்றார்.

"அது ரயில் வெளையாட்டு சார். அதுக்குப் போயிப் பயப்படுறீங்க?"

"மகள் கல்யாணம்மா."

"நானும் ஒருத்தருக்கு மகதான்."

ஜெயக்கொடியே வழியும் சொன்னாள்: "வண்டியூருக்குப் போங்க. அந்தச் சித்தப்பாவைப் பாத்து, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வாங்க. வந்த அன்னைக்கே சாப்பிட வாரேன்."

"அந்தப் பையனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. இப்பப் போயிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"எனக்கு எடம் வேணாம் சார். விட்ட வார்த்தையைத் திருப்பி எடுத்துட்டு வாங்க, அது போதும்."

வண்டியூருக்கு டவுன் பஸ் ஓடுகிறது, ஏறினால் போய்விடலாம். மனுஷர் பழனிக்குப் போனார், திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டார், வீட்டில் ஹோமம் வளர்த்தார். வண்டியூருக்கு மட்டும் போகவில்லை. முடியைக் கொடுப்பது சுலபம், கௌரவத்தைக் கொடுப்பதுதான் கஷ்டம். ஜெயக்கொடிக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாவம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மொட்டைத் தலையை ஸ்டேஷனில் பார்த்த அன்று, திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

இழுத்துப் பறித்து எண்பதாம் வருஷம் வைகாசியில் திருநகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையை அகிலாண்டமே கொண்டுவந்து வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயக்கொடி போனாள். அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனாள். பெண்ணுக்குத் தன் கையால் தைத்த பச்சை ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "நல்லா இருத்தா, உனக்கு ஒரு கொறையும் வராது" என்று மனசாரச் சொன்னாள். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தது? பிறகு வாசலை நோக்கி நடந்தாள்.

சொக்கநாதன் பந்தியிலிருந்து ஓடிவந்தார். கையில் வாழை இலைத் துண்டு, அதில் ஒரு கை கேசரி. வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்க்க, இலையை அவள் முன் நீட்டினார்.

"ஒரு வாய்ம்மா. ஒரே ஒரு வாய் எடுத்துக்க."

"வண்டியூருக்குப் போயிட்டு வந்தீங்களா சார்?"

அவர் இலையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினார்.

"அப்ப எனக்குப் பசிக்கலை" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி படி இறங்கினாள்.

மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு இட்லிக் கடை. வாசலில் நின்ற சொக்கநாதன் கண்ணுக்கு நேராகத் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்து, நாலு இட்லி வாங்கி, மிளகாய்ச் சட்னியை வழித்து வழித்துத் தின்றாள். போதாமல் இன்னும் இரண்டு போடச் சொன்னாள்.