ஆட்டு மூஞ்சி தெரிந்தவர்

என் வீட்டுக்காரருக்கு மனிதர் முகம் நினைவில் நிற்காது. என் அண்ணனையே இரண்டு முறை யாரென்று கேட்டு என் மானத்தை வாங்கியவர். ஆடென்றால் ஒருமுறை பார்த்தால் போதும். எங்கள் பட்டியில் நாற்பதும் கறுப்பு. எது எதன் குட்டி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அவரைத்தான் ஆட்டுத் திருடன் என்று சொல்லி ஒரு வருஷத் தண்டனை கொடுத்தார்கள். அடுத்த தெரு ஆட்டுக்காரரின் ஆடு எங்கள் பட்டியில் நின்றதாம். "சந்தையில ஒரு தரகர்கிட்ட வாங்கினேன். யாரோட ஆடுன்னு எனக்கென்னடி தெரியும்?" என்றார். ரசீது இல்லை, கோர்ட்டு நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஜாமீனில் எடுத்து மேல்முறையீடு செய்தோம். வக்கீல் கெட்டிக்காரர். "ஆட்டுக்கு அடையாளமா காதுல வெட்டு இல்ல, சூடு இல்ல. அந்த ஆட்டுக்காரர் வெறும் மூஞ்சிய வச்சு என் ஆடுங்கிறார். அதை யாராலயும் சொல்ல முடியாதுன்னு அடிச்சுப் பேசப் போறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அப்படியே பேசினார். நீதிபதியும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, பின்னால் நின்ற இவரைப் பார்த்து, "நீங்களும் ஆடு வளர்க்கிறவர்தானே? உங்களாலயும் முடியாதா?" என்று கேட்டார்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "முடியாம என்னங்கய்யா? ஆயிரம் ஆட்டுக்கு நடுவுல விட்டாலும் மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். இதுகூடத் தெரியாதவன் எதுக்கு ஆடு வளக்கணும்?"

"அப்போ அவருக்கும் தன் ஆடு தெரியும்தானே?" என்றார் நீதிபதி.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் தண்டனை உறுதியாகிவிட்டது.

எனக்கோ வேறொன்று உறைத்தது. அந்த ஆட்டுக்காரரும் இவரும் ஒரே மேட்டில் ஆடு மேய்ப்பவர்கள்; அந்த ஆட்டை இவர் தினமும் பார்த்திருப்பார். வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்க, கேட்டேவிட்டேன்.

"சந்தையில பாத்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றார், தரையைப் பார்த்து. "மலிவா வந்துச்சுடி."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர் பேச்சை நம்பி, வழக்குப் போட்ட நாளிலிருந்து அந்த ஆட்டுக்காரர் மனைவியைக் கண்ட இடத்திலெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்க அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"இன்னும் என்ன திட்டு பாக்கி வச்சிருக்கே?" என்று கேட்டாள்.