பிரபாவதியின் பக்கம் மூடிய வாரம்

மதுராந்தகத்து நெல் வியாபாரியின் மகள் பிரபாவதிக்கு வாய் சும்மா இருக்காது. அவளைப் போய்க் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்துக் கணக்குப் பிரிவு குமாஸ்தா கேசவனுக்குக் கட்டிவைத்தார்கள். "என் வேலையைப் பத்தி வெளியே மூச்சு விடக்கூடாது" என்று முதல் வாரமே கண்டிஷன் போட்டுவிட்டார் மனுஷன். அவரிடம் அப்படியொன்றும் ரகசியம் கிடையாது. ஆனாலும் டவுன்ஷிப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம்.

வருஷக்கணக்காக அடக்கிய பேச்சுக்கு, புதுப்பட்டினம் கடைத்தெருவில் சீனு பிரவுசிங் சென்டர் திறந்த பிறகுதான் வழி பிறந்தது. வலைப்பதிவு என்று ஒன்று உண்டு, யாரும் எழுதலாம் என்று அவன்தான் காட்டிக் கொடுத்தான். காய்கறி வாங்கும் சாக்கில் போய் உட்கார்ந்து எழுதித் தள்ளினாள்: வத்தக்குழம்பு, நாத்தனார், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கிரைண்டர். துபாயிலிருந்தெல்லாம் படித்தார்கள். கேசவனுக்கு மட்டும் தெரியாது.

2006 ஜூலையில், இட்லி ஆறுவதற்குள் ஆபீஸ் பஸ் வந்து நிற்கிற கொடுமையை எழுதினாள். எந்த முனையில், எத்தனை மணிக்கு, யார் யார் ஏறுவார்கள் என்று எல்லாமே விலாவாரியாக. இரண்டொரு நாளில் பக்கம் திறக்கவில்லை.

"கவர்மென்டு மூடச் சொல்லிட்ச்சாம்க்கா," என்றான் சீனு. "இன்னா எழுதின நீ?"

மும்பை ரயில்களில் குண்டு வெடித்திருந்த சமயம் அது. பஸ் நேரத்தை ஊருக்கே சொல்லிவிட்டோம், இவர் வேலை போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டாள் பிரபாவதி.

சாயங்காலம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கேசவன் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "காலையில நானே ஆபீசர்கிட்ட சொல்லிடறேன்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் பேப்பர் வந்தது. பிரித்தவள் செருப்புகூடப் போடாமல் ஓடி, பஸ் முனையில் அவரைப் பிடித்தாள். அரசு மூடச் சொன்னது ஏதோ சில பக்கங்களை. அவற்றை மட்டும் மூடாமல், இணைய நிறுவனங்கள் எல்லா வலைப்பதிவுகளையும் சேர்த்து மூடிவிட்டனவாம்.

கேசவன் இரண்டு தரம் படித்தார். "அடிப் பாவி, நீ யாருன்னே அவங்களுக்குத் தெரியாதுடி!" என்று நடுத்தெருவில் சிரித்தார். அவளும் சிரித்தாள், அழுதாள். தன்னை ஒருத்தருக்கும் தெரியாது என்பதில் அத்தனை சந்தோஷம்.

மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் கோபம் வந்தது. யாரென்றே தெரியாதவள் பக்கத்தை எதற்கு மூடினார்கள்? கையைத் துடைத்துக்கொண்டு, அதையே கேட்டு அந்தப் பேப்பர் ஆசிரியருக்கு எழுதினாள்.

கேசவன் வந்து படித்தார். "நல்லாத்தான் கீது. விலாசம் மட்டும் போடாதே."

"விலாசம் இல்லாம எந்தப் பேப்பர்ல போடுவான்?" என்றாள். பெயரையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் எழுதி அவர் கையிலேயே கொடுத்தாள். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் அவரே அதைத் தபால் பெட்டியில் போட்டார்.