கோப்பறையில் ஒரு வெள்ளிக்கிழமை

இது நடந்த கதை. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். நோயாளியின் ரகசியம் அவரோடு கபர்க் குழிக்குத்தான் போகும் என்று தமன்ஹூர் ஊரின் அந்த ஆஸ்பத்திரி வாசலில் பளிங்குக் கல்லில் பொறித்திருந்தார்கள். கோப்பறை குமாஸ்தா வஜீஹ் அந்தக் கல்லில் சாய்ந்துகொண்டுதான், ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்புக்கு, யாருக்கு என்ன நோய் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கல்யாணம் பேசுகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். இப்திஸாம் என்ற பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவரும் அவரே. சம்பந்தம் முறிந்தது. இனிப்பு நன்றாக இருந்தது.

பிறகு அவருக்கே பெண் அமைந்தது. பெண்ணுக்கு இவர் நகையும் போட்டாயிற்று. ஒரே ஒரு தொல்லை. நாற்பத்தொரு வயதிலும் படுக்கையை நனைக்கிறார் என்று டாக்டர் எழுதிய கோப்பு அதே அறையில் இருந்தது. பெண்ணின் தாய் தவ்லத் ஹானிம் காதுக்குப் போனால் கல்யாணம் காலி. கிழித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை, பகல் 12.20. எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். வஜீஹ் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

அலமாரியில் அவருடைய கோப்பு இல்லை.

12.26. டக்... டக்... கவுன்டர் ஜன்னலை யாரோ தட்டினார்கள்.

“இன்னிக்கு லீவு,” என்றார்.

“தெரியும், உஸ்தாத். நான் இப்திஸாம். என் கோப்பு வேணாம், அத ஊரே படிச்சிருச்சு. உங்களோடதத்தான் எடுத்துக்கிட்டேன்.”

ஜன்னலைத் திறந்தார். யாரும் இல்லை.

குரல் இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

தாள் புரண்டது... சர்... சர்...

வாசித்தாள். அவர் பெயர். வயது. வாரத்தில் எத்தனை இரவு...

திரும்ப முடியவில்லை.

12.31. வாசிப்பு நின்றது.

மேசைமேல் தொலைபேசி ரிசீவர் மல்லாந்து கிடந்தது. அதிலிருந்து தவ்லத் ஹானிமின் குரல் வந்தது.

“கடைசி வரிய இன்னொரு தரம் வாசிம்மா.”

அந்தத் தொலைபேசி ரமலானிலிருந்தே செத்துக் கிடக்கிறது என்று காவலாளி பிறகு சொன்னார். இப்திஸாமும் அப்படித்தான் என்றார். குளியலறையில் தனியாக இருந்தபோது வலிப்பு வந்ததாம். அன்றைக்கு நாற்பதாம் நாள்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பே நகைப்பெட்டி திரும்பி வந்தது. மேலே ஒரு ரப்பர் விரிப்பு மடித்து வைத்திருந்தார்கள். இரட்டைக் கட்டில் அளவு.