லூர்துராணியின் இரவல் மூக்கு

முப்பத்தொரு வருடம் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், சௌரிராஜன். பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டவன். அந்த மேதாவி பாலக்கரையில் ஒரு பெண்மணியைக் கொல்லப் பார்த்த கதை இது.

மாப்பிள்ளை சென்னைக்குப் போகும்போது தன் பைக்கை எங்கள் வீட்டில் விட்டிருந்தார். "தொடாதீங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதை காந்தி மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், சேனைக்கிழங்கு வாங்க. ஸ்டாண்டைச் சரியாகப் போடவில்லை. பைக் ஒரு கல்லின் மேல் சாய்ந்து, டேங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாக ஒரு டொக்கு. மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வருகிறார்.

விடிந்ததும் பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் லூர்துராணியிடம் ஓடினேன். டேங்க் டொக்கு எடுப்பதில் அந்தப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. கணவர் ஸ்டீபன்ராஜ் பெயிண்ட் அடிப்பதோடு சரி. தட்டுவது, இழுப்பது, வெல்டிங் எல்லாம் இவர்தான். பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் நாலு தடவை அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் நெருப்பைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார்.

"இன்னிக்கே வேணும்மா, வாத்தியார் மானம் போயிடும்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அரைமனதாக இரண்டு தடவை அலசிவிட்டு, டேங்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். இருபது வருஷத்துல என் மூக்கு மரத்துப் போச்சு. இவருக்குப் பெயிண்ட்ல போச்சு. துளி வாசனை இருந்தாலும் சொல்லிடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

மோந்தேன். பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல இருந்தது.

"ஒண்ணுமே வரலையேம்மா" என்றேன்.

அவர் மறுபடி கேட்கக்கூட இல்லை. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் மஞ்சள் பை, வாத்தியார் முகம். இது பொய் சொல்லும் என்று யார் நினைப்பார்கள்? டேங்கை இழுத்துக் குனிந்து, டொக்கைச் சூடாக்கி இழுக்க ஒரு கையில் வெல்டிங் டார்ச்சும் மறு கையில் லைட்டருமாக உட்கார்ந்தார். டேங்கின் வாய்க்கு மேலேயே அவர் முகம் இருந்தது.

"வேண்டாம்மா! வாசனை வரது! நான் பொய் சொன்னேன்!"

நான் போட்ட கூச்சலில் ஸ்டீபன்ராஜ் பெயிண்ட் டப்பாவைக் கீழே போட்டார். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. லூர்துராணி லைட்டரைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வாத்தியார்னு சொன்னீங்களே, என்ன பாடம் எடுத்தீங்க?"

"தமிழ்" என்றேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நேராகத் திட்டவில்லை. என் பெண்ணைத் திட்டினார், அவள் என்னைத் திட்டினாள்.

மூன்றாம் நாள் டேங்கை வாங்கப் போனேன். டொக்கு இருந்த இடமே தெரியவில்லை. கிளம்பும்போது லூர்துராணி வேறொரு டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் மோந்து சொல்லிட்டுப் போங்க."

"என்னையா கேக்கறேள்?"

"அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். கத்துனீங்கள்ல?" என்றார்.

நாலு தடவை மோந்தேன். ஒன்றும் வரவில்லை.

"எதுக்கும் இன்னொரு தடவை அலசிடுங்கோம்மா" என்றேன்.