ஊருக்கே கேட்கும் குற்றம்

நாயனமும் தவிலும் ரகசியம் காக்கத் தெரியாத வாத்தியங்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் சட்டத்தை மீறினால் யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், காற்றே சொல்லிவிடும். வேலைக்கான அனுமதிப் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அயல்நாட்டில் பிழைத்த உங்களுக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் நானும் தவில்காரன் முத்தையனும் மலாக்கா காஜா பேராங்கில் ஓர் அம்மன் கோயிலுக்கு வாசிக்க வந்தோம்.

வாசற்படி

கோயில் தலைவர் நாயக்கர், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டிச் சமூகத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். எங்களுக்கு ஜாமீன் நின்றவர் அவர்தான். இந்தக் கோயிலில் வாசிக்கலாம், வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்பது பாஸின் நிபந்தனை. காசு வாங்காமல் வாசித்தாலும் குற்றம்தான். மீறினால் பாஸ் ரத்து, அடுத்த கப்பலில் ஊர். ஜாமீன் பணம் போகும், கோயிலாலும் வேறு ஆளை வரவழைக்க முடியாது.

வந்த அன்றே நாயக்கர் எங்களை வாசற்படியில் நிறுத்தினார். கோயிலுக்குள்ளே ஒரு தரம் கை காட்டித் தலையை ஆட்டினார். தெருவைப் பார்த்து ஒரு தரம் கை காட்டி விரலை ஆட்டினார். இங்கே ஆகும், அங்கே ஆகாது என்று சட்டம் முழுவதையும் மலாயில் சொல்லி முடித்தார்: "சினி போலே. சானா தா போலே."

திறப்பு விழா

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் புதுக்கடை திறந்தார். மங்கள இசை இல்லாமல் கல்லாவில் உட்கார மனசு வரவில்லையாம். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நாயக்கரை விட அதிகமாகவே தலையாட்டினார். பிறகு கடை இருக்கும் திசையைக் கணக்குப் பண்ணிவிட்டுச் சொன்னார்: "நீங்க கோயில்லயே நில்லுங்க. நாயனத்த மட்டும் நம்ம கடைப் பக்கமா திருப்பி ஊதுங்க."

பத்து பெரெண்டாம்

பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்த லோரி ஓட்டும் ஆறுமுகம் சிரிக்க வைக்க வரவில்லை. சின்ன மகளுக்குக் கல்யாணம். கோயிலிலேயே நடத்துங்கள், சட்டப்படி வாசிக்கிறோம் என்றேன். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை, வீட்டை விட்டு அசைக்க முடியாது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும், மேளச்சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தம்மாவின் ஆசை.

எனக்கு ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அவர்களை இங்கே வரவழைக்க அப்போதுதான் மனுப் போட்டிருந்தேன். முடியாது என்றேன். கிராமபோன் வைத்துக்கொள்ளுங்களேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மூத்தவளுக்கு அதத்தான் வச்சேன். மாப்ள தாலிய எடுக்கறதுக்குள்ள கெட்டிமேளம் முடிஞ்சி, தட்டு சும்மா கரகரன்னு சுத்திக்கிட்டு இருந்துச்சி."

முத்தையன் என்னருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகூர்த்த நாளன்று தவிலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியை மறித்துப் பார்த்தேன். அவன் தோளில் தவில் இருக்கும்போது இடித்துக்கொண்டு போவது சுலபம். "தாலிக்கு மட்டும்தாண்ணே. நாலு தட்டு."

விருந்தாளி

அவனுக்கு நாலு தட்டோடு நிற்கத் தெரியாது. யாரோ சத்தம் என்று புகார் கொடுக்க, அது குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனது. அங்கே புகாரைக் கையில் வாங்கிய தமிழ்க் குமாஸ்தா, மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்.

நாயக்கர், ஆறுமுகம், நாங்கள் இருவர் எல்லோரும் போய் நின்றோம். அது கிராமபோன்தான் என்று ஆறுமுகம் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். குமாஸ்தாவுக்கும் முகம் செத்துப் போயிருந்தது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று எழுதினால் அவர் வேலை போய்விடும். "நானும் அப்படி எழுதலாமான்னுதான் பாத்தேன் மாமா. ஆனா கிராமபோன் எம்பக்கத்துல உக்காந்து ரெண்டு வாட்டி பாயாசம் வாங்கிக் குடிச்சிச்சே."

சுவெட்டன்ஹாம் துறைமுகம்

முத்தையனின் பாஸ் ரத்தாயிற்று, நாயக்கரின் ஜாமீன் பணம் போயிற்று. கோயில் இனி ஆள் வரவழைக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. இருந்தும் முத்தையன் வழிச் செலவுக்கு அவரே கொடுத்தனுப்பினார்.

கப்பல் ஏற்றிவிடப் போனேன். அவனைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். பார்த்ததும் அழுகைதான் வந்தது. இத்தனைக்கும் பிறகு என்னத்தைக் கண்டாய் என்று கேட்டேன். தவிலை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். "அந்தம்மா படுத்தபடியே ஒத்த விரலால தாளம் போட்டாங்கண்ணே. ஒரு எடத்துலகூடத் தப்பல."

அடுத்த தடவை என் பாஸை ஒரு குறையும் சொல்லாமல் புதுப்பித்துக் கொடுத்தார்கள். தவில் இல்லாமல் நாயனம் வாசிப்பது எந்தச் சட்டப்படியும் குற்றம் இல்லையாம்.