பெரிய சாலை வரைக்கும்

“பேட்டரி முடிஞ்சிருச்சாக்கா, தள்ளிக்கிட்டுப் போறீங்க?” என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த புஷ்பா அக்காவிடம் கேட்டேன்.

“நெறைய இருக்குலா. பெரிய ரோட்டுல இத ஓட்டக் கூடாதுன்னு போலீஸ்காரரு சொல்லிட்டாரு. தள்ளுனா தப்பில்லையாம்.”

“நீங்க அதத் தள்ளுறீங்களா, அது உங்களத் தாங்குதா?”

அக்கா சிரித்தார்.

ஈஜோக் ஊரில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை அவருக்கு. லோரி மோதியதிலிருந்து வலது முட்டி மடங்காது. நின்றபடி ஓட்டும் அந்தச் சின்ன மின்சார ஸ்கூட்டர்தான் தோதுப்பட்டது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டப் பாதையில் ஓட்டுவார். சாலை வந்ததும் இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளுவார்.

சென்ற மாதம் தோட்டத்தார் அந்தப் பாதைக்குப் பூட்டுப் போட்டார்கள். இனி வேலைக்குப் போக முழுக்கச் சாலைதான். சாலை விதிகளை மலாய் மொழியில் படித்துத் தமிழில் சொன்னேன். அந்த ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்ட அனுமதி எங்கும் இல்லை.

“இன்னொரு தடவ மெதுவாப் படி, தங்கச்சி. ஏதாச்சும் ஒரு வரிய விட்டிருப்ப.”